தெப்பக்காட்டுக்குக் கூட்டமாகப் போகும் பிள்ளைகளுக்கு

மின்வாரிய வேலையில் பதினொரு வருஷம் சிங்காராவில் இருந்தேன். ஓய்வு பெற்றுக் கோபிக்கு வந்த பிறகு நம் சொந்தக்காரக் கூட்டத்தை ஒன்பது தடவை முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "நாங்க பாத்துக்கறோம், பெரியப்பா" என்று நீங்கள் சொன்னதில் சந்தோஷம். பிறகு நீங்கள் எழுதி அனுப்பிய திட்டத்தைப் பார்த்தேன். மூன்று நாளில் பதினேழு இடம். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

1. நாளைக் குறித்துவிட்டு அறை தேடாதீர்கள். அறை கிடைக்கிற நாள்தான் நம் நாள். தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம், மசினகுடி என்று வனத்துறைக்கே தங்கும் இடங்கள் இருக்கின்றன. முதுமலை புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அறைகளும் உண்டு, பலர் சேர்ந்து படுக்கிற டார்மிட்டரியும் உண்டு. பெரிய ஓட்டல் வசதியை எதிர்பார்க்காதீர்கள். காலையில் கதவைத் திறந்தால் முற்றத்தில் புள்ளிமான் மேய்ந்துகொண்டிருக்கும், அதற்காகத்தான் போகிறோம்.

தனியார் விடுதி எடுப்பதாக இருந்தால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: யானை வழித்தடத்துக்குள் இருக்கிறதா, வெளியிலா? மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ச் சமவெளியில் யானைகள் காலங்காலமாக நடக்கிற பாதையை அரசு 2010-ல் வழித்தடமாக அறிவித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 ஆகஸ்டில் 27 விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. 2018-ல் நாங்கள் முன்பணம் கட்டிவிட்டுப் போன விடுதியின் வாசலில் சீல் தொங்கியது. போனை எடுக்க ஆளில்லை. பதினெட்டுப் பேரும் மூட்டை முடிச்சோடு கூடலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜ் தேடி அலைந்தோம். உங்கள் அத்தை அந்தக் கதையை இன்னும் எனக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

2. உங்கள் திட்டத்தில் உள்ள இருபத்திரண்டு பேர் அதிகம். பதினாலு, பதினைந்தோடு நிறுத்துங்கள். ஒரே டெம்போ டிராவலரில் ஏறுகிற அளவு. இரண்டு வண்டி ஆனால் இரண்டு தலைவர், இரண்டு கோபம்.

3. சித்திரை, வைகாசியில்தான் பள்ளி விடுமுறை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் காலாண்டு விடுமுறையை யோசித்துப் பாருங்கள். மழை பெய்து காடு பச்சையாக இருக்கும், மாயாறு நிறைந்து ஓடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேக்கு இலை உதிர்ந்து காடு மொட்டையாக நிற்கும். மரம் மறைக்காததால் விலங்கு கண்ணில் படும், அது உண்மை. ஆனால் அதுதான் காட்டுத்தீக் காலமும். தீ பயம் வந்தால் காப்பகத்தைச் சுற்றுலாவுக்கு மூடிவிடுவார்கள். உண்ணியும் கடிக்கும். மே மாதம் போனால் ஊட்டி மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் மாட்டுவீர்கள். சீசனில் மேலே ஏற பர்லியாறு – குன்னூர் பாதை, இறங்கக் கோத்தகிரிப் பாதை என்று ஒருவழி ஆக்கிவிடுவதையும் கணக்கில் வையுங்கள்.

4. பாதை. இதைக் கவனமாகப் படியுங்கள், எல்லாரும் தப்பு செய்கிற இடம் இது.

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழைகிற வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். கடைசி நாள் வரை தள்ளிப் போடாமல் முன்னதாக எடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, டிரைவர் கையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று வையுங்கள். பாஸ் எடுக்கும் தலைவலி வேண்டாம் என்றால் அரசுப் பஸ் இருக்கிறது.

ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்கு இரண்டு வழி. ஒன்று பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி வழியாக ஏறத்தாழ 67 கிலோமீட்டர். இன்னொன்று தலைக்குந்தாவில் திரும்பிக் கல்லட்டி, மாவனல்லா, மசினகுடி வழியாக அதில் பாதி தூரம். பாதி தூரம் என்றதும் கூகுள் அந்தப் பக்கம் கையைக் காட்டும், கேட்காதீர்கள். கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு, சரிவோ செங்குத்து. மலைப்பாதை பழகாத டிரைவர்கள் பிரேக்கை மிதித்தே இறங்கி, அது சூடேறிப் பிடிக்காமல் போய், எத்தனையோ வண்டிகள் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. அதனால் அங்கே இறங்குவதற்கு வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. ஏறுவதற்கு விடுவார்கள். ஆகவே போகும்போது கூடலூர் வழி, திரும்பும்போது கல்லட்டி வழி. இப்படிச் சுற்றினால் ஒரே பாதையை இரண்டு தடவை பார்க்க வேண்டியதும் இல்லை.

5. வாந்தி எடுக்கிற பிள்ளைகளை முன் சீட்டில் வையுங்கள். வெறும் வயிறும் கூடாது, பொங்கல் வடையும் கூடாது. இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம். போன் பார்க்க விடாதீர்கள்.

6. ஊட்டி தாண்டியதும் அவசரப்படாதீர்கள். உங்கள் பதினேழு இடத்தில் நான் வைத்துக்கொள்ளச் சொல்வது இந்தப் பாதையில் இருப்பதைத்தான். வென்லாக் டவுன்ஸ் புல்வெளி, சூட்டிங் மட்டம், பைக்காரா, ஊசிமலைக் காட்சிமுனை. சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்து எடுத்துச் சூட்டிங் மட்டம் என்றே பேர் வந்துவிட்டது.

அந்தப் புல்வெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது ஒன்று சொல்லுங்கள். மரமில்லாத மொட்டை மேடு என்று நினைத்துத்தான் வெள்ளைக்காரர்கள் யூகலிப்டஸையும் சீகையையும் கொண்டுவந்து நட்டார்கள். சல்லிவன் 1819-ல் இந்த மலைக்கு வந்தபோது பார்த்தது பெரும்பாலும் புல்லும், மடிப்பு மடிப்பாகச் சோலையும்தான். மேட்டில் புல், பள்ளத்தில் சோலை. உறைபனி விழுகிற மேட்டில் மரக்கன்று பிழைப்பது கஷ்டம், புல் பிழைத்துக்கொள்ளும். அந்தப் புல்லும் சோலையும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. குறிஞ்சியும் இந்த மாதிரிச் சரிவுகளில்தான் பூக்கும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அப்போது தனக்கு என்ன வயது என்று ஒவ்வொரு பிள்ளையையும் கணக்குப் போடச் சொல்லுங்கள், அரை மணி நேரம் வண்டி அமைதியாக இருக்கும்.

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இன்னும் நாலு வரி. பைக்காரா படகுத் துறையில் நீங்கள் பார்க்கிற தண்ணீர் சும்மா நிற்கிற தண்ணீர் இல்லை. அது குழாய்களில் இறங்கி மலையடியில் டர்பைனைச் சுற்றுகிறது. 1932-ல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. கோயம்புத்தூர் மில்கள் பெருகியதற்கு அந்தக் கரண்ட் ஒரு முக்கியக் காரணம். சிங்காராவை விட்டு வெளியே வருகிற தண்ணீர் மசினகுடிப் பக்கம் மரவகண்டி அணைக்குப் போய், அங்கிருந்து மாயாறு மின்நிலையத்தில் இன்னொரு தடவை வேலை செய்துவிட்டு, மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்கு வருகிறது. அப்புறம் கீழ்பவானி வாய்க்கால், அப்புறம் நம் வயல். கோபியிலிருந்து சத்தி வழியாக மேட்டுப்பாளையம் போகும்போது பவானிசாகர் அணையில் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். அடுத்த நாள் தெப்பக்காட்டுப் பாலத்தில் நின்று கீழே பாருங்கள். அதே ஆறுதான்.

7. புல்வெளிப் பக்கம் தோடர்களின் குடியிருப்பான மந்து தென்பட்டால் ரோட்டிலிருந்தே பாருங்கள். அரை வட்டமாக வளைந்த கோயிலைக் கண்டதும் போட்டோ எடுக்க உள்ளே ஓடுகிறவர்கள் அநேகம். அது வீட்டு வாசல், கோயில் வாசல். யாராவது அழைத்தால் போங்கள். அவர்கள் தைக்கும் சிவப்பு கறுப்புப் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்க நினைத்தால் பேரம் பேசாதீர்கள், ஒரு சால்வைக்கு எத்தனை நாள் உட்கார்ந்து ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

8. நடுவட்டத்தில் டீ குடியுங்கள். கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தால் சிலர் பேச்சில் இலங்கை மலையகத்து வாடை இருக்கும். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு அனுப்பப்பட்ட குடும்பங்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலை போட்டது, இன்று டேன்டீ என்கிறோமே, அது. இந்த இடத்தில் காட்சிமுனை எதுவும் கிடையாது. டீ நன்றாக இருக்கும்.

9. சாயங்காலம் ஐந்து மணிக்குள் தெப்பக்காடு சேர்ந்துவிட வேண்டும். பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூர்ச் சாலையை ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். 2009-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. "ஒன்பது வரைக்கும் டைம் இருக்கே" என்று கணக்குப் போடாதீர்கள். இருட்டியபின் அந்தச் சாலை யானைக்கும் காட்டுமாட்டுக்கும் உரியது.

10. யானை முகாம். இதற்காகத்தான் எல்லாரும் வருகிறார்கள், ஆனால் முக்கால்வாசிப் பேர் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

யானைக்குத் தீனி கொடுப்பது காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம். அந்தந்தக் காலத்துக்கு நேரம் மாறும், வரவேற்பு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். ராகியும் கொள்ளும் வெந்து களியாகி, அரிசிச் சோறும் வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்ந்து கவளமாக உருட்டப்படும். எந்த யானைக்கு எது எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். மருத்துவர் சொல்கிற கணக்கு அது. வயதான யானைக்கு ஒரு கணக்கு, குட்டிக்கு ஒன்று. நம் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்குத் தனியாகச் சமைப்பதில்லையா, அப்படி. பாகன் கவளத்தை வாய்க்குள் வைக்கும்போது அவர் கையையும் யானையின் கண்ணையும் பாருங்கள்.

அந்தப் பாகன்களும், அவர்களுக்கு உதவும் காவடிகளும் பெரும்பாலும் இந்தக் காட்டுக்காரர்கள். குரும்பர், காட்டுநாயக்கர், இருளர். அப்பா பார்த்த யானையைப் பிள்ளை பார்ப்பதுண்டு. ராத்திரி சங்கிலியோடு காட்டுக்குள் மேய விட்ட யானையை விடியற்காலையில் தடம் பார்த்துப் போய்த் தேடிக் கூட்டி வருகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மரம் இழுப்பதற்காக வைத்த முகாம் இது. இன்றைக்கு ஊருக்குள் வருகிற காட்டு யானையை விரட்டப் போகும் கும்கிகளும், தாயை இழந்து வந்த குட்டிகளும் இங்கே இருக்கின்றன.

அப்படி வந்த ரகு, அம்மு என்ற இரண்டு குட்டிகளையும், அவற்றை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியையும் பற்றிய 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அடுத்த மாதமே பிரதமர் வந்தார், ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் வந்தார். அதன் பிறகு முகாமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "ரகு எங்கே, பெள்ளி எங்கே" என்று கேட்கிறார்கள். நீங்கள் கேட்காதீர்கள். தோளில் கை போட்டு செல்பி எடுப்பதற்கு அவர்கள் நம் சித்தப்பா இல்லை.

சத்தம் போடாதீர்கள், பழம் நீட்டாதீர்கள், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். வாசனைத் தைலமும் பூச வேண்டாம்.

11. வனத்துறை வண்டியில் காட்டுக்குள் ஒரு தடவை போய் வாருங்கள், பிள்ளைகளுக்காக. புலி தெரியும் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் பதினொரு வருஷம் அந்தப் பக்கம் இருந்து மூன்றே தடவை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்று வாலின் நுனி. மானும் மயிலும் காட்டுமாடும் வரும். அண்ணாந்து பார்த்தால் பாறு வட்டமிடும். பிணம் தின்னும் அந்தக் கழுகு தமிழ்நாட்டில் இன்றைக்குக் கூடு கட்டுகிற இடமே பெரும்பாலும் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான். மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் மூலம் இந்தியா முழுவதும் பாறுகளைக் கொன்றது. 2006-ல் அதைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். என் கணக்கில் புலியை விடப் பாறைப் பார்ப்பது பெரிய அதிர்ஷ்டம். பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மசினகுடியில் "நைட் சவாரி போலாமா சார்" என்று ஜீப்காரர்கள் யாராவது காதில் சொன்னால் வேண்டாம் என்று திரும்பி நடங்கள். அது சட்ட விரோதம். மாட்டினால் அபராதம் உங்களுக்கும் உண்டு.

12. ரோட்டில் யானை நின்றால்? வண்டியைத் தூரத்தில் நிறுத்தி, ஆரன் அடிக்காமல், இறங்காமல் உட்காருங்கள். பின்னால் வழி இருந்தால் மெதுவாகப் பின்வாங்குங்கள். ஒரு வருஷம் மசினகுடிக்குப் போகிற வழியில் குட்டியோடு நாலு யானை ரோட்டைக் கடந்தன. கடைசி யானை போய்விட்டது என்று நம் கூட்டத்து ஆள் ஒருவர் போனோடு இறங்கினார். பேர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். புதருக்குள் ஐந்தாவது யானை இருந்தது. காதை விரித்து நாலு எட்டு ஓடி வந்து நின்றது, அவ்வளவுதான். அவர் வண்டிக்குள் எப்படி வந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஒரு செருப்பு அங்கேயே இருந்துவிட்டது. எடுக்கப் போகவில்லை.

13. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், கேரிபேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் நீலகிரிக்குள் வரக்கூடாது, சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. சாப்பாட்டைக் காட்டு ரோட்டோரம் பிரிக்காதீர்கள், குரங்கு ஒன்று வந்தால் நாற்பது வரும். புளிச்சோறு மிச்சத்தைப் "பாவம், தின்னட்டும்" என்று போடுவது பாவத்தில் சேர்த்தி.

கூட்டத்தில் இரண்டு பேர் "கொஞ்சம்" கொண்டு வருவார்கள். யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் போகும் முன் அவர்களைப் படிக்க வையுங்கள். அந்த டாக்டர் நிஜமான ஆள், டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, முதுமலை யானைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். காட்டில் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் யானைக் காலில் என்ன செய்யும் என்று அதில் இருக்கிறது. அதற்குப் பிறகும் கொண்டு வந்தால் அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

ராத்திரி ஸ்பீக்கர் கிடையாது, கேம்ப் பயர் கிடையாது. விடுதிப் பக்கம் யானை வந்தால் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள், ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஓர் ஆண் யானை மேல் எரிகிற டயரை வீசினார்கள். காது வெந்து, தெப்பக்காட்டுக்கு லாரியில் கொண்டு வருகிற வழியில் செத்துப்போனது. அதன் துதிக்கையைப் பிடித்துக்கொண்டு வனத்துறை ஊழியர் ஒருவர் அழுத வீடியோவை நீங்கள் எல்லாரும் எனக்கு அனுப்பினீர்கள்.

14. இப்போது திட்டத் தாளுக்கு வருகிறேன். தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, ரோஜாத் தோட்டம், சிம்ஸ் பூங்கா, டால்பின் மூக்கு, கோடநாடு எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மலை ரயிலையும் சேர்த்துத்தான். ரயில் மேல் எனக்குக் கோபமில்லை. 1899-ல் குன்னூர் வரைக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறி, 1908-ல் ஊட்டி வரைக்கும் நீண்ட வண்டி, 2005-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அதற்கென்று தனியாக ஒரு நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து போங்கள். தெப்பக்காட்டில் தங்கிக்கொண்டு தினமும் ஊட்டிக்கு ஏறி இறங்கினால் மூன்று நாளும் வண்டி சீட்டைத்தான் பார்ப்பீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தெப்பக்காடு ஆயிரத்துக்கும் கீழே. காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் வேர்வை, சாயங்காலம் மறுபடி ஸ்வெட்டர். இரண்டாம் நாள் பாதிக் கூட்டத்துக்குக் காய்ச்சல் வரும், பார்த்துவிட்டேன்.

முதல் நாள் புல்வெளி வழியாக இறங்குவது. மூன்றாம் நாள் கல்லட்டி ஏறுவது. நடுநாளில் காலை முகாம், மாலை வனத்துறை வண்டி, இடையில் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் திண்ணையில் உட்காரட்டும். மூன்று வருஷமாகப் பேசாமல் இருந்த உங்கள் இரண்டு மாமன்கள் பேசிக்கொண்டது அப்படி ஒரு மத்தியானத்தில்தான், மலபார் அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவியதைக் காட்டுகிற சாக்கில்.

15. கணக்கு ஒருவர் கையில். பாதிப் பணம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே சிக்னலை நம்பிப் போனைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று நாளைக்குப் பதில் ஐந்து நாள் மாத்திரை. முழங்கால் வலிக்காரர்களுக்கு மேற்கத்திய கழிவறை உள்ள அறை, அதைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

16. ஞாபகத்துக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்றால் ஊட்டி சாக்லேட்டோடு நிறுத்தாதீர்கள். காட்டைத் தின்றுகொண்டிருக்கிற உண்ணிச்செடியை வெட்டி, அதன் குச்சியில் நிஜ யானை அளவுக்கு யானை செய்கிறார்கள் இந்தப் பக்கத்துப் பழங்குடி மக்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவ்வளவு பெரியது நம் வீட்டு வாசலில் நுழையாது. அதே குச்சியில் செய்த நாற்காலி, கூடை கிடைத்தால் வாங்குங்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம், வர்க்கி ஒரு பாக்கெட் போதும்.

பெரிய தூக்குப்போசி இரண்டும், பச்சைத் தார்ப்பாயும், நாலு டார்ச் லைட்டும் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன. கிளம்புவதற்கு முதல் நாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். டார்ச்சுக்குச் செல் மட்டும் புதிதாகப் போட வேண்டும்.